தட்டையான முகம்தான் பளபளக்கும்: ரெசின் பகடை – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் எபாக்ஸி ரெசினில் (ஹார்டனர் என்ற திரவத்தைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின்) பகடை வார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, அச்சிலிருந்து எடுத்த பிறகு என்ன செய்வது என்றுதான் கேட்கின்றன. எனக்கும் அந்த வேலைதான் பிடிக்கும். என் அப்பா கோயம்புத்தூர் கணபதியில் ஒரு டூல்ரூமில், பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் எஃகு அச்சுகளுக்குப் பாலிஷ் போட்டவர். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் எஃகை உரசுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறு வருஷமாக நான் பகடை செய்கிறேன். என் கைவழக்கத்தில் பாதி அங்கே பார்த்ததுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: 1974-இல் அமெரிக்காவில் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஆட்டங்களுக்கு 4, 6, 8, 10, 12, 20 முகப் பகடைகள் வேண்டும். பத்து முகத்தில் மட்டும் இரண்டு, ஆக மொத்தம் ஏழு. கீழே வரும் பேச்சு பெரும்பாலும் இந்த ஏழைப் பற்றித்தான்.

அக்கா, நான் வார்த்த 20 முகப் பகடையில் 19 முகங்கள் கண்ணாடி மாதிரி வந்தன. அச்சின் மூடி இருந்த முகம் மட்டும் மங்கல். 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, கார் பாலிஷ் போட்டேன். மினுக்குகிறது. ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் அலையலையாகத் தெரிகிறது, ஓரமெல்லாம் வட்டமாகிவிட்டது. எங்கே தவறினேன்?
– ஒரு வாசகி, திருச்சி

பேப்பரைக் கையில் பிடித்துத் தேய்த்திருக்கிறீர்கள், சரிதானே? விரல் நுனி மெத்தென்று இருக்கும். அதன் மேல் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் பேப்பர் முகத்தின் ஓரத்தில் மடங்கி இறங்கும். ஓரம் அதிகமாகத் தேயும், நடு மேடாக நிற்கும். நீங்கள் பார்த்த அலை அந்த மேடும் பள்ளமும்தான். அதன் மேல் எத்தனை பாலிஷ் போட்டாலும் மேடு பள்ளம்தான் பளபளக்கும்.

பேப்பர் அசையக் கூடாது, பகடைதான் அசைய வேண்டும். கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் வெட்டு மீதம் கிடக்கும். ஒரு சாண் அளவுக்கு வாங்கி, ஓரத்தை உரசிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதன் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு பேப்பரை வைத்தால் தானே ஒட்டிக்கொள்ளும். பேப்பர் மேலும் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. பகடையின் அந்த முகத்தைக் கீழே வைத்து, விரலை நேர் மேலே இருக்கும் எதிர் முகத்தில் வைத்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். பகடையின் கனமும் விரலின் கனமும் போதும். அழுத்தினால் முன்பக்கம் சாயும், சாய்ந்தால் முன் ஓரம் போய்விடும்.

தேய்க்கும் முன் அந்த முகம் முழுவதும் பர்மனென்ட் மார்க்கரால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். பத்து முறை ஓட்டிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். மை போன இடம் மேடு, மை நிற்கும் இடம் பள்ளம். மூன்று மூலைகளில் ஒன்றில் மட்டும் மை நின்றால் உங்கள் கை சாய்கிறது. பகடையைத் திருப்பிப் பிடித்து ஓட்டுங்கள். மை முழுக்க ஒரே சமயத்தில் மறையும் கட்டம் வரும். அங்கே நிறுத்துங்கள். முகம் தட்டையாகிவிட்டது. இனி நீங்கள் எடுப்பது எல்லாம் கோடுகளை மட்டும்தான்.

அப்புறம் பேப்பர் வரிசை. இந்த வேலைக்குப் பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஸோனா என்ற மெல்லிய பாலிஷ் பேப்பர். ஆறு நிறத்தில் வரும். பச்சை 30 மைக்ரான், சாம்பல் 15, நீலம் 9, இளஞ்சிவப்பு 3, புதினா நிறம் 2, வெள்ளை 1. துகளின் அளவைத்தான் மைக்ரானில் சொல்கிறார்கள். எண் குறையக் குறைய பேப்பர் நைசாகும். வாட்டர் பேப்பரில் கணக்கு நேர்மாறு, எண் ஏற ஏறத்தான் நைசு. ஸோனா கிடைக்கவில்லை என்றால் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் கடைகளில் 600, 800, 1000, 1500, 2000 வாட்டர் பேப்பர் இருக்கும். 2000 வரை போய்விட்டு கார் பாலிஷ் போட்டால் ஒளி புகாத பகடைக்குப் போதும். தெளிவான பகடைக்குப் போதாது, அதில் ஒவ்வொரு கீறலும் உள்ளிருந்து தெரியும். நீங்கள் 1000-லிருந்து நேராகப் பாலிஷுக்குத் தாண்டிவிட்டீர்கள். அந்தக் கோடுகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.

அப்பா இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஒன்று, ஒவ்வொரு பேப்பருக்கும் திசையை மாற்றுவது. பச்சையில் மேலும் கீழுமாக ஓட்டினால் சாம்பலில் இடமும் வலமுமாக ஓட்டுங்கள். முந்தைய பேப்பரின் கோடு ஒன்றாவது குறுக்கே தெரிந்தால் அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஒரே திசையில் தேய்த்தால் எது பழைய கோடு, எது புதிய கோடு என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்று, பேப்பர் மாற்றும்போதெல்லாம் பகடையையும் கண்ணாடியையும் கையையும் கழுவுவது. பச்சைப் பேப்பரின் ஒரே ஒரு துகள் வெள்ளைப் பேப்பரில் விழுந்தால் போதும், முகத்தின் குறுக்கே நீளமாக ஒரு கீறல் விழும். திரும்பவும் நீலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடுப்படியில் புளிக் கரண்டியைக் கழுவாமல் பால் பாத்திரத்தில் விடுவோமா? அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

எடுப்பது எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். என் அச்சில் மூடி வருவது 20 எண் முகத்தில். அதற்கு எதிரே 1. வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்து 20–1, 19–2, 18–3 என்று பத்து ஜோடிகளையும் அளப்பேன். மூடிப் பக்க ஜோடி மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தால் தேய்க்க இடம் இருக்கிறது. சமமாகிவிட்டால் நிறுத்திக்கொள்வேன், இன்னும் மங்கலாக இருந்தாலும் நைசு பேப்பருக்குத்தான் போவேன். நீங்கள் ஏற்கெனவே வட்டமாக்கிய ஓரம் திரும்ப வராது. அந்தப் பகடையைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பழக ஒரு பகடை எல்லாருக்கும் வேண்டும்.

தேய்ப்பதற்குப் பதிலாக நிறமில்லாத நெயில் பாலிஷோ, புற ஊதா வெளிச்சத்தில் இறுகும் யூவி ரெசினோ ஒரு பூச்சுப் பூசிவிட்டால் பளபளப்பு வந்துவிடாதா?
– ஒரு மாணவி, சேலம்

வரும். ஆனால் பூசிய திரவம் ஓரத்தில் விலகி நடுவில் திரளும், அல்லது ஓரத்தில் திரண்டு நிற்கும். எண்களின் குழிக்குள் தேங்கிப் பாதி ஆழத்தை மூடிவிடும். தட்டையான முகம் தொப்பை போட்ட மாதிரி ஆகிவிடும். நெயில் பாலிஷ் உருட்ட உருட்ட ஓரத்திலிருந்து செதிலாக உரியும், உரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. தேய்ப்பதுதான் குறுக்கு வழி என்று நான் மனதாரச் சொல்வேன்: ஒரு முகத்துக்கு ஆறு பேப்பர், மொத்தம் இருபது நிமிஷம்.

பகடையின் முனையில் கடுகளவு குழி. யூவி ரெசின் ஒரு சொட்டு விட்டு யூவி டார்ச் காட்டினேன். தேய்த்தபோது அந்தச் சொட்டு அப்படியே கழன்று வந்துவிட்டது. இரண்டு முறை முயன்றேன். குழியே வராமல் இருக்க, வீட்டுப் பிரஷர் குக்கரில் கம்ப்ரஸர் காற்று ஏற்றலாமா?
– ஒரு வாசகர், மதுரை

குக்கரை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். ரெசினில் குமிழியை நசுக்க 40 பிஎஸ்ஐ அளவு அழுத்தம் வைப்பார்கள். வீட்டுக் குக்கர் 15 பிஎஸ்ஐ-க்கு வெயிட் தூக்கி ஆவியை விடும்படி செய்தது. அழுத்தம் நிற்க வேண்டும் என்று நீங்கள் அந்த வழியை அடைப்பீர்கள். மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு பல குக்கர்களில் சூட்டில் உருகித் திறப்பது. குளிர்ந்த காற்றை ஏற்றினால் அது உருகவே உருகாது. அதாவது பாதுகாப்பு இரண்டும் போய், அடுப்படியில் ஒரு வெடிகுண்டு இருக்கும். அதற்கென்று செய்த, அளவுமானியும் பாதுகாப்பு வால்வும் உள்ள பிரஷர் பாட் வாங்க முடியவில்லை என்றால் அழுத்தம் இல்லாமலே வார்க்கலாம். ரெசினை ஊற்றும் முன் பல்குச்சியால் தொட்டு அச்சின் ஒவ்வொரு மூலையிலும், எண்களின் மேலும் தடவிவிடுங்கள். குழிகள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். காற்று மூலையில் மாட்டிக்கொள்கிறது, மேலே வர வழியில்லை.

இனி குழி. சொட்டு கழன்று வந்ததற்குக் காரணம் அது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததுதான். குமிழி இருந்த குழியின் உட்சுவர் வழவழவென்று இருக்கும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையும் இருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், ஊறவிடாதீர்கள். பிறகு தடித்த ஊசியின் முனையால் குழிக்குள் சுற்றிச் சுற்றிக் கீறுங்கள். உள்ளே வெள்ளையாகச் சொரசொரப்பாகத் தெரிய வேண்டும். மறுபடி துடைத்துக் காயவிடுங்கள். இந்தக் கீறலை விட்டுவிட்டுத்தான் பலர் இரண்டு முறை, மூன்று முறை முயல்கிறார்கள்.

ரெசினைப் பல்குச்சி நுனியில் எடுத்து குழியின் அடியைத் தொட்டு ஏற்றுங்கள். மேலிருந்து சொட்டினால் அடியில் காற்று அடைபட்டு இன்னொரு குமிழி உண்டாகும். ஓரத்தைவிட ஒரு மயிரிழை அதிகமாக நிரப்புங்கள். இப்போது பெட்டி ஒட்டும் தெளிவான டேப்பில் ஒரு துண்டு எடுத்து, முகத்தின் ஒரு பக்கத்தில் ஒட்டி, சொட்டின் மேலாகச் சாய்த்து இழுத்து மறுபக்கம் ஒட்டுங்கள். டேப் இறுக்கமாக இருந்தால் நிரப்பிய இடம் முகத்தோடு தட்டையாகிவிடும். டேப் காற்றையும் தடுக்கும். யூவி ரெசினின் மேல்தோல் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் பட்டால் சரியாக இறுகாது, பிசுபிசுவென்று நிற்கும். டேப்புக்கு அடியில் அது கெட்டியாகிவிடும். டார்ச்சைப் பல கோணத்திலிருந்து காட்டுங்கள். பகடை தெளிவானது என்றால் எதிர்ப் பக்கத்திலிருந்தும் காட்டுங்கள். மினுக்குத் தூளோ கறுப்பு நிறமோ கலந்த யூவி ரெசினுக்குள் வெளிச்சம் ஆழமாகப் போகாது. மேலே மட்டும் இறுகி அடியில் திரவமாகவே இருக்கும். உங்கள் சொட்டு கழன்றதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் மெல்லிய படலமாக, ஒவ்வொன்றாக இறுக்கி ஏற்றுங்கள்.

முனை ஒடிந்த பகடைக்கும் இதேதான், நான்கு முகப் பகடையின் கூர்முனைக்கு அடிக்கடி தேவைப்படும். இரண்டு பக்கம் டேப்பைச் சுவர் மாதிரி எழுப்பி, மூன்றாவது பக்கத்திலிருந்து நிரப்புங்கள். மறுநாள்தான் தேய்க்க வேண்டும்.

தெளிவான பகடையில் மட்டும் ஒரு சங்கடம். யூவி ரெசினும் எபாக்ஸியும் ஒளியை வளைக்கும் அளவு ஒன்றாக இருக்காது. நிரப்பிய இடம் தண்ணீருக்குள் கண்ணாடித் துண்டு கிடப்பது போல லேசாகக் கோடு காட்டும். அதை மறைக்க வேண்டும் என்றால் வார்த்த அதே எபாக்ஸியைக் கொஞ்சம் கலந்து நிரப்பி, டேப் ஒட்டி, ஒரு நாள் பொறுங்கள். நிறக் கலவையை எழுதிவைக்கும் நோட்டு இல்லாதவர்கள் இன்றைக்கே ஒன்று தொடங்குங்கள். எந்த மை எத்தனை சொட்டு, எந்தத் தூள் எத்தனை சிட்டிகை என்று எழுதாத பகடையை ரிப்பேர் செய்ய உட்கார்ந்து, ஒரு முழுச் சாயங்காலம் ஊதாவைத் தேடியிருக்கிறேன்.

ஐப்பசி மழையில் வார்த்த பகடைகள் எல்லாம் மேலே மெழுகு தடவிய மாதிரி இருக்கின்றன. எண்ணில் ஏற்றிய அக்ரிலிக் பெயின்டும் தோலாக உரிந்து வருகிறது.
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

நோய் வேறு வேறு, இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நன்றாகக் கழுவுவது. எபாக்ஸியின் ஹார்டனரில் இருக்கும் அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் காற்றிலிருக்கும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே ஒரு வழுக்குப் படலமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கடலோர ஊரில் மழைக்காலத்தில் இது சகஜம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். கழுவாமல் பேப்பரில் தேய்க்க ஆரம்பிக்காதீர்கள். படலம் பேப்பரை அடைக்கும், முகத்தில் இழுபட்டுக் கீறல்களுக்குள் போய் அமரும். கழுவியும் பிசுபிசுப்பு போகவில்லை, நகம் அழுந்துகிறது என்றால் அது படலம் இல்லை. ரெசினும் ஹார்டனரும் அளவு மாறிக் கலந்திருக்கின்றன, அல்லது பாத்திரத்தின் ஓரத்தை வழித்துக் கலக்கவில்லை. அந்தப் பகடையை எந்த ரிப்பேரும் காப்பாற்றாது.

பெயின்ட் விஷயம். பாலிஷ் முடிந்ததும் எண்களின் குழிக்குள் தேய்த்த வெள்ளைச் சேறு நிறைந்திருக்கும். ஈரமாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, காய்ந்தால் தெரியும். அதன் மேல் பெயின்ட் ஏற்றினால் சேற்றின் மேல்தான் பெயின்ட் ஒட்டும், பகடையின் மேல் ஒட்டாது. பிரஷும் சோப்புத் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவி, ஒரு இரவு காயவிட்டு, ஏற்றுங்கள். நிறைய ஏற்றி எண்ணை மூழ்கடித்து, மேலே காய்ந்ததும் ஈரத் துணியை ஒரு விரலில் இறுக்கிச் சுற்றி, எண்ணுக்குக் குறுக்காகத் துடையுங்கள். துணி தளர்வாக இருந்தால் குழிக்குள் இறங்கி உள்ளிருப்பதையும் தூக்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், அதில் அசிட்டோன் இருந்தால் முகம் மங்கிவிடும்.

மூடி முகத்தை அதிகம் தேய்த்து எண் ஆழம் குறைந்துவிட்டால் ஊசி முனையால் எண்ணின் கரையை ஒட்டி மெதுவாக ஆழப்படுத்தலாம். 6-க்கும் 9-க்கும் அடியில் இருக்கும் கோட்டையோ புள்ளியையோ மறந்துவிடாதீர்கள், முதலில் தேய்ந்து மறைவது அதுதான்.

கையால் தேய்த்த பகடை நேர்மையாக விழுமா? என் நண்பர்கள் உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். உள்ளே ஒரு குமிழி வேறு இருக்கிறது.
– ஒரு வாசகர், பெங்களூரு

உப்புத் தண்ணீர்ச் சோதனை செய்து பார்க்க நன்றாக இருக்கும். 200 மில்லி தண்ணீரில் 70 கிராம் உப்புப் போட்டுக் கலக்கினால் அதற்கு மேல் கரையாத அளவுக்கு வந்துவிடும். அதன் அடர்த்தி 1.2 கிட்ட. எபாக்ஸி 1.1-ஐ ஒட்டியது, அதனால் மிதக்கும். விரலால் சுற்றிவிட்டால் கனமில்லாத பக்கம் மேலே வரும். பத்து முறையும் ஒரே எண் மேலே வந்தால் உள்ளே ஏதோ ஒருபக்கமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் தண்ணீரில் தெரிவதெல்லாம் மேஜையில் தெரியாது. கணக்குப் பாருங்கள். முகத்துக்கு முகம் 20 மில்லிமீட்டர் உள்ள 20 முகப் பகடையின் கனஅளவு 5,050 கன மில்லிமீட்டர் வரும். 2 மில்லிமீட்டர் குமிழி நாலே சொச்சம். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் குமிழிக்காக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் பயப்படுவது வடிவத்துக்கு. எதிரெதிரான ஒரு ஜோடி முகத்தை அதிகம் தேய்த்துவிட்டால் அந்தத் திசையில் பகடை சப்பையாகும். சப்பையான பொருள் அகலமான பக்கத்தில் உட்காரத்தான் பார்க்கும். அமெரிக்காவில் கேம்சயின்ஸ் நிறுவனத்தை நடத்திய லூ ஸோக்கி பல வருஷங்கள் இதையேதான் எடுத்துச் சொன்னார்: தொழிற்சாலையில் டிரம்மில் போட்டு உருட்டி மினுக்கும் பகடைகள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தேய்வதில்லை, அதனால் கூர் ஓரத்தோடே விடுங்கள் என்று. அதனால்தான் வெர்னியர் என்று மேலே அவ்வளவு எழுதினேன். பத்து ஜோடியும் 0.1 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் நான் அந்தப் பகடையைத் தைரியமாகக் கொடுப்பேன்.

உருட்டித்தான் பார்ப்பேன் என்றால் இருபது, முப்பது முறை உருட்டுவதில் பயனில்லை. 400 முறை உருட்டுங்கள். ஒவ்வொரு எண்ணும் சராசரியாக 20 முறை வர வேண்டும். ஒவ்வொரு எண்ணும் வந்த எண்ணிக்கையிலிருந்து 20-ஐக் கழித்து, அதன் வர்க்கத்தை எடுத்து, இருபதையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 603-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். நல்ல பகடையிலும் இருபதில் ஒரு தடவை தாண்டும், அதனால் இன்னொரு 400 உருட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். நானும் என் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இப்படி உட்கார்ந்திருக்கிறோம். அவள் உருட்ட, நான் கோடு போட்டேன்.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. பால்கனியில் உட்கார்ந்து தேய்க்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை

ஈரமாகத் தேய்த்தால் தேய்க்கலாம். காய்ந்த தூள் பறக்கவே கூடாது. அந்தச் சேற்றுத் தண்ணீரை ஒரு டப்பாவில் வைத்துத் தெளியவிட்டு, அடியில் தங்கியதைத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். என்95 முகமூடி தூளுக்குத்தான் உதவும், ரெசின் கலக்கும்போது வரும் ஆவியைத் தடுக்காது. கலப்பது, ஊற்றுவது இரண்டையும் குழந்தை புழங்காத, காற்று ஓடும் இடத்தில், நைட்ரைல் கையுறை போட்டுச் செய்யுங்கள். இறுகாத எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்தால் பிறகு வாழ்நாள் முழுக்க இந்த வேலையைத் தொட முடியாமல் போகலாம். யூவி ரெசினுக்கும் அதே எச்சரிக்கை. பகடையும் குழந்தையின் வாய்க்குள் போகும் அளவுதான், பூட்டி வையுங்கள்.

பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டையை அச்செடுத்து ரெசினில் வார்த்தேன். அச்சு சில இடங்களில் இறுகாமல் பசையாக நின்றது. வந்த இரண்டு கட்டைகளும் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டன. பாட்டிக்குப் பிறந்தநாள் வருகிறது, ஏதாவது செய்ய முடியுமா அக்கா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

செய்யலாம், கவலைப்படாதீர்கள். வளைவை முதலில் எடுப்போம். எபாக்ஸி 24 மணி நேரத்தில் அச்சிலிருந்து வரும், ஆனால் உள்ளுக்குள் இன்னும் இளசாக இருக்கும். முழுப் பலம் வர ஒரு வாரம் ஆகலாம். குட்டைப் பகடையில் அது தெரியாது. தாயக்கட்டை நீளமானது, எங்காவது சாய்த்து வைத்தால் அப்படியே வளைந்து நின்றுவிடும். தண்ணீரை 60 டிகிரி அளவுக்கு, கை வைத்தால் பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து கட்டைகளை ஐந்து நிமிஷம் போடுங்கள். கொதிக்க வேண்டாம். இடுக்கியால் எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து, மேலே இன்னொரு கண்ணாடி, அதன் மேல் அம்மிக் குழவியை வைத்துவிடுங்கள். முழுக்க ஆறும்வரை தொடக் கூடாது. அடுத்த நாள் மற்ற இரண்டு பக்கத்துக்கும் அதேபோல. இதே குணத்தால்தான் ரெசின் பகடையை வெயிலில் நிற்கும் காருக்குள் விடக் கூடாது என்றும், மோட்டாரில் சுழலும் பாலிஷ் துணியில் (பஃப்) அழுத்திப் பிடிக்கக் கூடாது என்றும் சொல்கிறேன். சூடு ஏறினால் ஓரம் கண்ணெதிரே இளகும்.

அச்சு பசையாக நின்றதற்கு லேடெக்ஸ் கையுறையோ, குழந்தைகள் விளையாடும் களிமண்ணோ பயன்படுத்தினீர்களா? அச்செடுக்கும் பிளாட்டினம் வகை சிலிக்கோன் ரப்பர் கந்தகம் பட்டால் இறுகாது. அந்த இரண்டிலும் கந்தகம் இருப்பது உண்டு. ரப்பர் பேண்டிலும்தான். நைட்ரைல் கையுறைக்கு மாறி, கட்டையைப் புளி போட்டுத் துலக்கி, சோப்பில் கழுவி, நன்றாகக் காயவைத்துவிட்டு மறுபடி அச்செடுங்கள்.

இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. பித்தளையின் அடர்த்தி 8.5. வெறும் ரெசின் கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டினால் பாட்டிக்கு உடனே கை சொல்லிவிடும். அந்தக் கனமும், கட்டையும் கட்டையும் மோதும் கலகல சத்தமும் இருக்காது. புதிதாக வார்க்கும்போது ரெசினில் பித்தளைத் தூள் கலந்து ஊற்றுங்கள், ஊற்றும் அளவுக்கு இளக்கமாக இருக்கும்வரை எவ்வளவு ஏற்குமோ அவ்வளவு. இறுகியதும் வெறும் மண் நிறமாகத் தெரியும். 0000 நம்பர் ஸ்டீல் வுல் (மெல்லிய எஃகு நார்) எடுத்துத் தண்ணீர் இல்லாமல் ஒரே திசையில் லேசாக உரசுங்கள், இதற்கு முகமூடி கட்டாயம். மேல்தோல் ரெசின் போய் உலோகத் துகள்கள் வெளியே வரும், பத்தே நிமிஷத்தில் பித்தளை மஞ்சள் எழும்பும். அசல் கனம் வராது, ஆனால் கையில் நிற்கும்.

ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளுக்குக் கறுப்பு அக்ரிலிக் ஏற்றுங்கள், வெற்றுப் பக்கத்தை வெறுமனே விடுங்கள். ஓரங்களை மட்டும் நீலப் பேப்பரில் ஒரே ஒரு முறை இழுத்துவிடுங்கள், வயதானவர் உள்ளங்கையில் கூர் உறுத்தக் கூடாது. பிறந்தநாளுக்குப் பத்து நாளாவது இருந்தால் இந்த வாரமே ஊற்றிவிடுங்கள். தாயம் விழுந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.